ஜெபகுமாரி திறக்காத ஃபைல்

பக்தவச்சலத்துக்கு மூலநோய் குணமானது முரளிதரன் டாக்டரின் ஆபரேஷனாலா, சபைப் பெண்களின் உபவாச ஜெபத்தாலா என்பது திருத்தணியில் இன்னும் தீராத வழக்கு. ஆனால் அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்தது ஜெபகுமாரியால்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பக்தவச்சலம் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். போன வருஷம் ஒரு கிருத்திகையன்று சாயங்காலம், மலையிலிருந்து இறங்கிய கூட்டம் கடை நிறைய நின்றுகொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் இட்லிப் பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, மூலம் இப்ப எப்டி இருக்குது? எங்க சபையில எல்லாரும் உங்களுக்காக ஜெபம் பண்ணிகினு இருக்கோம்" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார், சத்தமாகவும் கேட்டார். கடையில் இருந்த அத்தனை கண்களும் பக்தவச்சலம் உட்கார்ந்திருந்த காற்றடைத்த ரப்பர் வளையத்துக்குப் போயின. அது எதற்கு என்று அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் டாக்டர் முன்னால் நின்றார். உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

"எம்பேரைச் சொல்லி மைக்ல ஜெபம் பண்ணியிருக்காங்க டாக்டர். எனக்கு எங்க வலி, எத்தினி நாளா வலி, எல்லாம் சொல்லி."

"இப்ப வலி எப்படி இருக்கு?"

"அது போயிடுச்சு. அது வேற விஷயம்."

டாக்டருக்கு யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சபைக்குப் போகிற ஆள் ஒருத்திதான். கவுண்டரில் உட்கார்ந்து பெயர் பதிந்து, ஃபைல் எடுத்துக் கொடுத்து, டாக்டர் அறைக்கு ஆள் அனுப்பி, முடிந்ததும் ஃபைலை வாங்கி வைக்கிற ஜெபகுமாரி. மகள் பெபி கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அவளுக்கு அந்த நாற்காலிதான். ஊரில் பாதிப் பேருடைய வயிறும் நெஞ்சும் முழங்காலும் அவளுக்கு அத்துப்படி.

ஒன்று சொல்லிவிட வேண்டும், ஜெபகுமாரி கெட்டவள் இல்லை. புறம் பேசுவது பாவம் என்று சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்ததை அவள் மறந்ததே கிடையாது. அதனால் புறம் பேசமாட்டாள், ஜெபக் குறிப்பு மட்டும் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருத்தரும் எழுந்து, இன்னாருக்கு இன்ன கஷ்டம், ஜெபியுங்கள் என்று சொல்வது வழக்கம். மற்றவர்கள் மகன் வேலை, மருமகள் சண்டை என்று ஒன்றிரண்டு சொல்லி உட்காருவார்கள். ஜெபகுமாரி எழுந்தால் உட்கார நேரமாகும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் வாரம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேருடைய பாரத்தையும் அவள் கர்த்தருடைய பாதத்தில் இறக்கி வைப்பாள். கர்த்தருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று தெருப் பெயரும் சொல்லுவாள்.

போதாததற்குக் கல்யாண விசாரணை வேறு. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் யார் வீட்டில் வரன் பார்த்தாலும், பஸ் ஏறி வந்து கவுண்டரில் ஒரு கை ஊன்றி, "அந்தப் பையனுக்கு ஒடம்பு எப்டிங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். அவள் புருவம் உயர்ந்தால் வரன் போச்சு. தலை ஆடினால் மறுவாரம் தாம்பூலம். இதற்கெல்லாம் அவள் யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியதில்லை. ஊருக்குச் செய்கிற சேவை என்றே நினைத்திருந்தாள்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். முரளிதரன் டாக்டர் கோபம் வந்தால் குரலை இறக்குகிற ஆள். அன்றைக்கு அவர் பேசியது மின்விசிறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"ஃபைல்ல இருக்கிறது உன் சொத்து இல்ல ஜெபா, என் சொத்தும் இல்ல. அது அவங்க ஒடம்பு. நம்மகிட்ட நம்பிக் குடுத்திருக்காங்க. இதுக்குச் சட்டமே வந்துகினு இருக்கு. இனிமே ஒருத்தர் ஒடம்பைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட ஒரு வார்த்தை போச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடு."

"நான் யார்கிட்டயும் சொல்லல சார். ஜெபத்துலதான்..."

"ஜெபத்துலயும் கூடாது."

"கர்த்தர்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொல்லு. வாயைத் திறக்காம சொல்லு. இன்னொண்ணு. வெளிய சொன்னாத்தான் தப்புன்னு இல்ல. வேலை இல்லாம ஃபைலைத் திறந்து படிச்சாலே தப்பு. புதுசா வந்திருக்கிற கம்ப்யூட்டர்ல யார் எந்த ஃபைலைத் திறந்தாங்கன்னு பதிவாயிடும்."

அழுதுகொண்டே வெளியே வந்தாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆளே மாறிப்போனாள். ஜெபகுமாரிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பேசினால் முழுக்கப் பேசுவாள், வாயை மூடினால் பூட்டுப் போட்டு மூடுவாள். கவுண்டரில் கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க, தன் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். கூடவே வேலை செய்கிற ஷோபனா என்ற பெண்ணை நாள் முழுக்கக் காய்ச்சி எடுத்தாள்.

"இன்னா ஷோபனா, யூரின் டெஸ்டு யாருதுன்னு இப்டிக் கத்துற? பேரைச் சொல்லாம கூப்பிடத் தெரியாதா?"

"பேரைச் சொல்லாம எப்டிக்கா கூப்பிடறது?"

"கிட்டப் போய்க் கூப்பிடு. காலு இருக்குது இல்ல?"

ஷோபனா கிட்டப் போய்க் கூப்பிடுவாள். சின்னப் பெண், அதிகம் பேசாது. இதுக்கு ரகசியம் காக்கத் தெரியாது, எங்கேயாவது உளறிவிடும் என்பது ஜெபகுமாரியின் கணிப்பு.

ஊர்தான் அவளை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எழுந்து, "ஒரு சகோதரருக்கு ஒரு கஷ்டம். கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்களுக்கு மகா கோபம். எந்தச் சகோதரர், என்ன கஷ்டம் என்று தெரியாமல் எப்படிக் கண்ணீர் விடுவது? ஆளாளுக்கு ஒருத்தரை ஊகம் செய்துகொண்டு ஜெபித்தார்கள். அந்த வாரம் ஊரில் நல்ல உடம்போடு இருந்த நாலைந்து பேர் காரணமே தெரியாமல் துக்கம் விசாரிக்கப்பட்டார்கள்.

கல்யாண விசாரணை இன்னும் மோசம். ஒரு வரனைப் பற்றிக் கேட்டு வந்தவர்களிடம் அவள், "சொல்லக் கூடாதுங்க" என்றாள். ஜெபகுமாரியே வாய் திறக்கவில்லையென்றால் எவ்வளவு பெரிய வியாதியாக இருக்கும் என்று அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினார்கள். அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்கு வந்தது காலில் முள் குத்தியதற்கு. அவனுடைய அப்பா வந்து கவுண்டரில் குதித்த குதி கொஞ்சமில்லை. அதற்கப்புறம் அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு முகம் பழகினாள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே முகம். பார்ப்பவர்களுக்குக் கல்லில் செய்து வைத்ததுபோல் இருக்கும். யாரைப் பற்றி யார் கேட்டாலும் அந்த முகத்தோடு, "யாரா இருந்தாலும் இங்க சொல்றது இல்லைங்க" என்பாள். கணவன் இஸ்ரேல் கேட்டாலும் அதே முகம்தான். இஸ்ரேல் பள்ளிப்பட்டு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். யாருக்கு என்ன வியாதி என்று பஸ்ஸில் பயணிகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல் அவருக்கு மரியாதையே போய்விட்டது என்று புலம்பினார்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, ஜெபகுமாரி தன்னைப் பற்றித் தானே பெருமைப்பட ஆரம்பித்திருந்த சமயத்தில்தான் யோபு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

யோபு என்பது பெபிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை. பள்ளிப்பட்டுக்காரன், ஆர்.கே.பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். பையன் லட்சணம், குடும்பம் அமைதி, பெபிக்கும் பிடித்துப்போயிற்று. பேச்சு முடிந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் சபையார் முன்னால் வாசிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். ஓலை வாசித்துவிட்டால் கதை முடிந்தது. அதற்கப்புறம் கல்யாணம் நின்றால் பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று ஜெபகுமாரிக்கு நன்றாகத் தெரியும், அந்த மாதிரிப் பேச்சுகளை ஒரு காலத்தில் முன்னின்று நடத்தியவளே அவள்தானே.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையானால் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் பெரிய டாக்டர்கள் மூன்று பேர் வருவார்கள். தோலுக்கு ஒருத்தர், நரம்புக்கு ஒருத்தர், காது மூக்கு தொண்டைக்கு ஒருத்தர். மூன்று பேருக்கும் மாடியில்தான் அறை. யோபு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன், கவுண்டரில் மாமியார் ஆகப்போகிறவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அத்தை, நீங்க இன்னைக்கு லீவுன்னு பெபி சொல்லிச்சே."

"நாளைக்குத்தான் லீவு."

ஜெபகுமாரி எழுந்தாள். "ஷோபனா, இவருக்கு நீ என்ட்ரி போடு" என்று சொல்லிவிட்டு, எந்த வேலையும் இல்லாத பின்பக்க அறைக்குப் போய், அங்கே இருந்த பஞ்சு மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அவன் மாடிக்குப் போயிருந்தான். ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "வரேன் அத்தை" என்று போய்விட்டான்.

அவன் போனதும் ஜெபகுமாரிக்கு யோசனை ஓடியது. தோலா, நரம்பா, தொண்டையா? தோல் என்றால் படையா, வெண்குஷ்டமா, அதுக்கும் மேலே ஏதாவதா? நரம்பு என்றால் நினைக்கவே பயமாக இருந்தது. தொண்டை என்றால் வாத்தியார் தொண்டை, கத்திக் கத்திப் புண்ணாகியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். தொண்டையில் வேறு என்னென்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக ஃபைல்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு எது எதனுடைய ஆரம்பம் என்று தெரியாதா. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் இஸ்ரேலிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வந்தான் என்று சொல்வதுகூடத் தப்புதான். ஆனால் சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடுவாள் போலிருந்தது.

"ஃபைலைப் பாத்தியா?" என்றார் இஸ்ரேல்.

"பாக்கல."

"இன்னா ஜெபா நீ. பெத்த பொண்ணு வாழ்க்கை. ஒரு தட்டு தட்டிப் பாத்தா ஆச்சு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

புதன்கிழமை பூராவும் புழுங்கினாள். வியாழக்கிழமை மத்தியானம் ஷோபனா லேபுக்குப் போயிருந்தாள். கவுண்டரில் ஆளில்லை. ஜெபகுமாரி சேலைத் திரையை இழுத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் 'யோ' என்று அடித்தாள். கீழே வரிசையாகப் பெயர்கள் வந்தன. அவனுடைய பெயர் முதலிலேயே இருந்தது. ஒரே ஒரு தட்டு. பெபி குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் துவண்டு கிடந்த முகம் ஞாபகம் வந்தது. இவள் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதற்காக எந்தப் பாவத்தையும் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. விரலும் அந்தப் பெயர் வரைக்கும் போய்விட்டது, தட்டத்தான் பாக்கி.

அப்போது திரைக்கு வெளியே யாரோ இருமினார்கள். மறுபரிசோதனைக்கு வந்திருந்த பக்தவச்சலம். பெயர் பதியாமல், கூட்டம் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, ஓரமாக நின்றார். தன் உடம்பைப் பற்றி அந்தக் கவுண்டரில் சொல்ல அவருக்கு இன்னும் பயம். ஜெபகுமாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடித்த எழுத்தை அழித்தாள்.

"வாங்கண்ணா. இங்க எதுவும் சொல்ல வேணாம். நேரா உள்ள போயிடுங்க" என்றாள்.

அதோடு முடிந்தது. இனி தெரிய வேண்டுமென்றால் ஒரு வழிதான், மாப்பிள்ளை வீட்டில் நேராகக் கேட்பது. கேட்டால், ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்பார்கள். கேட்காமல் ஓலை வாசித்தால் பெபி என்ன ஆவாள்? போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக வெள்ளிக்கிழமை போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. யோபு, யோபுவின் அப்பா, அம்மா மூன்று பேரும் இறங்கினார்கள். சொல்லாமல் வந்திருக்கிறார்கள். கையில் ஆப்பிளும் லட்டு டப்பாவும். முகங்களில் களையில்லை. பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில், வெயிலில் வந்ததில் யோபுவின் அப்பாவுடைய தலைமுடி லேசாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. முடி எப்படி நகரும் என்று ஜெபகுமாரிக்குப் புரியவில்லை.

யோபுவின் அம்மாதான் ஆரம்பித்தார்.

"செவ்வாக்கிழமையிலேர்ந்து உங்க போனுக்குத்தான் காத்துகினு இருந்தோம் சம்மந்தி. நீங்க ஒரு வார்த்தை பேசல. அப்பவே எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. நீங்க பாத்திருப்பீங்க."

"நான் எதையும் பாக்கலைங்க" என்றாள் ஜெபகுமாரி. உண்மையைச் சொல்லும்போது ஏன்தான் அந்தக் கவுண்டர் முகம் வந்து ஒட்டிக்கொண்டதோ.

யோபுவின் அம்மா அந்த முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெருந்தன்மையா சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாம இந்தத் தாலுக்காவுல ஒரு இருமல் உண்டா? மறைச்சு இனிமே பிரயோஜனம் இல்ல. எங்க வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆச்சு. வேலூர்ல பண்ணோம், இங்க பண்ணா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு."

"சம்மந்தி, அதெல்லாம் எங்கிட்ட நீங்க..."

"எனக்கு தைராய்டு. மாத்திரை சாப்பிடறேன். சாயங்காலமானா கோவம் வரும், அது தைராய்டு இல்ல, அது எங்க அம்மா பக்கம்."

"வேணாங்க, போதும்."

ஜெபகுமாரி மௌனமானாள். இந்த மௌனம்தான் வம்பாகப் போயிற்று. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அது இவளுக்குத் தெரியும், அதனால்தான் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். நாத்தனாருடைய கர்ப்பப்பை வந்தது. சித்தப்பாவின் குடிப் பழக்கம் வந்தது. செத்துப்போன தாத்தாவுக்குக் கடைசிவரை இருந்த சொறி வந்தது. கடைசியில் யோபுவின் அப்பா, அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர், பெருமூச்சு விட்டு, தலையில் கை வைத்து, முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க வம்சத்துக்கே நாப்பதுல கொட்டிடும்" என்றார்.

ஒரு காலத்தில் இதெல்லாம் ஜெபகுமாரிக்குக் கிடைத்திருந்தால் ஒரு மாசத்துக்குத் தாங்கும். இப்போது கேட்கக் கேட்க வியர்த்துக் கொட்டியது. கேட்காமலேயே ஒரு குடும்பத்தின் உடம்பு முழுக்க வீட்டு நடுவில் வந்து குவிந்துவிட்டது, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பாவமாகவும் இருந்தது. தன் வாய்க்குப் பயந்துதானே இந்த மனுஷன் வேலூருக்கு அலைந்திருக்கிறார்.

யோபு எழுந்து நின்றான்.

"அம்மா, கொஞ்சம் இருங்க. என் விஷயத்தை நான் சொல்லிக்கறேன்."

"சொல்லு நைனா" என்று அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தை, எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல போயிடுச்சு. மிஷின் வெச்சா கேக்குமான்னு பாக்கத்தான் அன்னைக்கு வந்தேன். கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல பாதிரியார் கேக்கற கேள்விக்கு இன்னா இன்னான்னு நிக்கக் கூடாது இல்ல."

காது. வெறும் காது. ஜெபகுமாரிக்கு நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அப்புறம்தான் பெபி ஞாபகம் வந்தது. பெபி காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஆங். முதல் நாள் போன்ல பேசினப்பவே சொன்னாரு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? நான் இங்க செத்துச் செத்துப் பொழைச்சிகினு இருக்கேன்."

"அது அவரு காதும்மா" என்றாள் பெபி.

யோபுவின் அப்பா முதல்முறையாகச் சிரித்தார். முடியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார், இந்தத் தடவை நேராகவே வந்தது. காப்பி குடித்தார்கள், லட்டு டப்பாவைத் திறந்தார்கள். காலையில் ஓலை வாசித்துவிடலாம் என்று பேச்சானது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் யோபுவின் அம்மா, தைரியம் வந்தவராக, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க பக்கம் எல்லாம் கொட்டிட்டோம். உங்க பக்கம் ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க சம்மந்தி. கோவிச்சிக்கக் கூடாது."

ஜெபகுமாரி கோபித்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்ல கர்த்தர் புண்ணியத்துல ஒண்ணும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? நான் ஆஸ்பத்திரியிலயே குடியிருக்கிறவ."

இஸ்ரேல் ஒரு லட்டைப் பாதி கடித்திருந்தார். மீதியைத் தட்டில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு சுகர் இருக்குதுங்க."

"யாருக்கு?" என்றாள் ஜெபகுமாரி.

"எனக்குத்தான். போன ஈஸ்டர்லேர்ந்து."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

இஸ்ரேல் சம்மந்தியைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. "முரளி டாக்டர். உங்க ஆஸ்பத்திரியிலதான். நீ மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வர நேரத்துல."

யோபுவின் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கணவரின் தொடையில் தட்டினார். "கடைசி பஸ் போயிடும்" என்றார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு எத்தனையோ நேரம் இருந்தது. ஆனாலும் மூன்று பேரும் எழுந்து, சந்தோஷமாகவே விடைபெற்றுப் போனார்கள். பெபி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழியனுப்பப் போனாள்.

வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"யாரு என்ட்ரி போட்டது?"

"அந்த ஷோபனா பொண்ணு."

ஜெபகுமாரி அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஷோபனா. எதிர் நாற்காலியில், நாள் முழுக்க, அவள் திட்டுகிற திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு வருஷம். டாக்டருக்குத் தெரியும். ரத்தம் எடுத்தவருக்குத் தெரியும். மாத்திரை கொடுத்தவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாது. ஒருத்தர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ரகசியம் காப்பதில் அந்த ஆஸ்பத்திரியிலேயே தன்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தாள்.

"மாத்திரை எங்க வெச்சிருக்கீங்க?"

"டிக்கெட் பையில."

"சுகரை வெச்சிகினு லட்டு தின்றீங்க. நான் குடுத்த கேசரியெல்லாம் தின்னீங்க."

"தின்னலன்னா நீ ஏன்னு கேப்பியே. அதுக்காகத் தின்னுட்டு, ராத்திரி டெப்போவைச் சுத்தி நாலு சுத்து நடப்பேன்."

"ஊரான் பிள்ளை ஃபைலைத் தட்டிப் பாருன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சு."

இஸ்ரேல் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டுவதற்கு அவளிடம் இன்னும் நிறைய இருந்தது. ஆனால் கோபத்தைவிட வருத்தம்தான் பெரிதாக வந்தது. ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிற மனுஷன், தன் உடம்புக்கு ஒன்று என்றால் தன்னிடம் வராமல், யாரோ ஒரு சின்னப் பெண்ணிடம் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

அவர், குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், பஸ் நிற்குமா நிற்காதா என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எங்க அம்மாவுக்குக் கடைசிக் காலத்துல தானா ஒண்ணுக்குப் போயிடும். நீ ஜெபத்துல சொன்ன. சபை முழுக்க அழுதுச்சு. அம்மா அதுக்கப்புறம் சாவுறவரைக்கும் கோயிலுக்கு வரல. உன்மேல தப்பு இல்ல, நீ பாசத்துலதான் சொன்ன. அந்தப் புது ரூல் வந்தப்புறம்தான் எனக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு வரவே தைரியம் வந்துச்சு."

ஜெபகுமாரி அழுதாள். மாமியாருக்கு அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. துணி துவைத்தாள், ஊட்டிவிட்டாள். முட்டி வலி என்றுதான் கிழவி கோயிலுக்கு வரவில்லை என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். அப்படித்தான் ஜெபக் குறிப்பும் கொடுத்தாள்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லட்டுத் தட்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. எவ்ளோ இருக்குது, இன்னா மாத்திரை, காலு எரியுதா, கண்ணு மங்குதா, எல்லாம் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

இஸ்ரேல் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.